மார்க்கெட் வாசல் போர்டில் எங்கள் தெரு

9 நவம்பர் 81, திங்கள்

விடாத மழை. குடைக்கம்பி மறுபடி போய்விட்டது.

இன்று சொல்லாமல் விட்டவை:

மார்க்கெட்டில் மீன்கார அஞ்சலை, "எந்தக் கட்டைல போறவன் இந்த போர்டை எழுதுறான்?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் அவளைக் கொல்லைப்பக்கம் வராதே என்று அக்கா விரட்டியபோது, அது தப்பு என்று சொல்லவில்லை.

ஆபீசில், எங்கள் வீட்டிலும் ஒன்று என்று சொல்லவில்லை. அக்கா மகள் செல்விக்கு விடிந்ததிலிருந்து பேதி.

போர்டு வைத்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் சுகாதார ஆபீசரின் யோசனை. வாந்திபேதியோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எந்தப் பகுதி, எத்தனை பேர் என்று தினமும் காலையில் மார்க்கெட் வாசலில் சாக்பீஸால் எழுத வேண்டும். மறைத்தால் வதந்தி கிளம்பும், சொல்லிவிட்டால் ஜனங்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பார்கள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கையெழுத்து நன்றாக இருப்பதால் வேலை என் தலையில். 'காலரா' என்ற சொல் மட்டும் கூடாது.

யாரும் தண்ணீரைக் காய்ச்சவில்லை. போர்டில் மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தின் எண் பெரியது. அதனால் குருசுக்குப்பத்து மீனை யாரும் தொடுவதில்லை. முட்டை விலை ஏறிவிட்டது. கருவாட்டுக்குக் கூடக் கிராக்கி.

காதில் விழுந்தது:

"எந்த ஊரு மீனு?"

"தவளக்குப்பம் பக்கம்மா."

"நெசமாவா?"

"மீனையே கேட்டுப் பாரேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு வாங்கிப் போனாள். விற்றவள் அஞ்சலை. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே குருசுக்குப்பம்.

10, செவ்வாய்

செல்வி துவண்டு கிடக்கிறாள். கண் உள்ளே போய்விட்டது. லீவு சொல்லிவிட்டேன். காரணம் தலைவலி என்று.

முசே டாக்டர் வந்தார். பெயர் வேறு; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து எல்லோருக்கும் முசே டாக்டர்தான். உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக விடச் சொன்னார். காய்ச்சின தண்ணீரில்.

கை கழுவும்போது, "உங்க தெருவுல மட்டும் இந்த வாரம் ஏழெட்டு வீடு பாத்துட்டேன்மா" என்றார்.

"போர்டுல எங்க தெரு பேரே இல்லையே முசே?"

"போர்டு எழுதுறவங்க என்கிட்ட எங்க கேட்டாங்க?"

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. துண்டை நீட்டினேன்.

இப்போது புரிகிறது. குப்பத்துக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், எண்ணுகிறோம். எங்கள் தெருவுக்கு டாக்டர் வீடு தேடி வருகிறார், எண்ணுவதில்லை. போர்டில் பொய் இல்லை. பாதிதான் இருக்கிறது.

அக்கா வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "ஆபீஸ்ல வாயத் தொறந்துடாதடி. நம்ம தெருன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, என் அடுப்பு அணைஞ்சுது."

மாமா செத்த பிறகு இந்த முன்னறை மெஸ்தான் அவளுக்கும் செல்விக்கும் சோறு. நாலு பெஞ்ச். மில்காரர்கள், டைப்ரைட்டிங் படிக்கிற பையன்கள். மீன் குழம்புக்காகவே வருகிறவர்கள். இப்போது முட்டைக் குழம்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

11, புதன்

செல்வி பிஸ்கட் கேட்டாள். உயிர் வந்தது, எனக்கும்.

லைப்ரரி புத்தகம் கெடு தாண்டிவிட்டது. ரஷ்ய நாவல், பாதியில் நிற்கிறது.

மத்தியானம் பரிமாறக் கூட நின்றேன். ஒவ்வொருவராக வந்து மூலைப் பானையில் மொண்டு குடித்தார்கள். பானைத் தண்ணீர் தெருக்குழாயில் பிடித்தது. செல்வி குடித்ததும் அதே பானை. இதுவரை எனக்கு உறைக்கவில்லை! மீனைப் பார்த்துப் பயந்த அத்தனை பேரும் அந்தத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறார்கள்.

"அக்கா, பானைத் தண்ணிய காய்ச்சி ஊத்தலாமே."

"இத்தினி பேருக்கா? விறகு உங்க ஆபீசரு குடுப்பாரா?"

"நானே காய்ச்சறேன்."

"ஏன் காய்ச்சறேன்னு கேப்பாங்க. என்னா சொல்லுவ?"

பானையைக் கவிழ்த்துவிட்டேன். அக்கா மறுபடி நிரப்பினாள்.

12, வியாழன்

மழை விட்டது. வெயில், ஈ.

ஆபீசரிடம் போனேன். தனி டாக்டர்களிடம் போனவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் சார், என்றேன்.

"அவங்க எங்கம்மா குடுப்பாங்க? பெரிய வீட்டு விவகாரம்."

"பேர் வேணாம் சார். தெரு மட்டும் கேப்போம்."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"எங்க வீட்டுக் கொழந்தைக்கே வந்திருக்கு சார். தலைவலின்னு சொன்னது பொய்."

நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் மெஸ் இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறார்.

"யோசிச்சுக்கோம்மா."

"யோசிச்சுட்டேன் சார்."

அங்கிருந்து நேரே டாக்டர்களிடம் போனேன். முசே டாக்டர் உடனே தெருவாரியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஓ, நீதானா அது!" என்று ஒரு சிரிப்பு. இன்னொரு டாக்டர் முனகிக்கொண்டே கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் எங்கள் தெருதான் முதலில். குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க ஆள் அனுப்பியாகிவிட்டது.

சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். எழுதிய பிறகு அவள் கேள்விப்படக் கூடாது.

"நாலு நாளு பொறுக்க மாட்டியா? தானா அடங்கிடும்டி."

"அதுக்குள்ள பெஞ்சுல ஒக்காந்து சாப்புடுறவங்க யாராவது படுத்துட்டா?"

"செல்விய யாரு படிக்க வப்பா? நீயா? கல்யாணம் ஆயி நீ போயிடுவ."

இருந்தும் எழுதப்போகிறேன்.

13, வெள்ளி

எழுதினேன். மேலே பெரிதாக: தனி டாக்டர்களிடம் சென்றவர்கள் உட்பட. முதல் வரி எங்கள் தெரு. இரண்டாவது குருசுக்குப்பம். அடியில்: குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

கூட்டம்.

"அடேங்கப்பா, மாடி வூட்டுக்காரங்களுக்கும் வயிறு இருக்குதா?"

"அப்ப மீனுல இல்லியா?"

"தண்ணின்னு போட்டிருக்குது பாரு."

அஞ்சலை கூடையோடு நின்று யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டாள். என் கையில் சாக்பீஸைப் பார்த்தாள். "நீதானா பாப்பா? காலைல ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊருன்னு சொல்லிச் சொல்லி எனக்கு எம்மூரே மறந்துபோச்சு." திட்டுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. திங்களன்று 'கட்டைல போறவன்' என்று திட்டியதை அவளும் நினைவுபடுத்தவில்லை.

பிறகு கூடையை இறக்கி, "குருசுக்குப்பத்து மீனு, குருசுக்குப்பத்து மீனு!" என்று கத்தினாள். இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வாங்கினாள்.

மத்தியானம் மெஸ். மில் முருகேசண்ணன் மட்டும் வந்தார், "வெந்நி இருந்தா குடு தாயி" என்றார். மற்ற பெஞ்சுகள் காலி. பையன்கள் தெருமுனையிலேயே திரும்பிவிட்டதாகச் சொன்னார்.

குழம்பைக் கொல்லையில் கொட்டினாள் அக்கா. என்னைப் பார்க்கவே இல்லை.

6 டிசம்பர், ஞாயிறு

எழுதவே நேரமில்லை. தெருமுனையில் குழாய் சாக்கடைக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. தோண்டி மாற்றினார்கள். அதுவரை லாரித் தண்ணீர். பத்து நாளாக எங்கள் தெருவில் புதிதாக யாருக்கும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்கள்.

மீன் பழையபடி விற்கிறது. விலையும் பழையபடி.

குழாய் சரியான மறுநாளே போர்டில் அதையும் எழுதினேன், கொட்டை எழுத்தில், மூன்று நாள் அழிக்காமல். அக்கா பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவி, வாசலிலேயே அடுப்பு வைத்து எல்லோரும் பார்க்கத் தண்ணீர் காய்ச்சினாள். முருகேசண்ணனைத் தவிர யாரும் திரும்பி வரவில்லை.

பெஞ்சுகளை விற்றாயிற்று. திங்கட்கிழமையிலிருந்து அக்கா சேதராப்பட்டில் ஒரு பாக்டரி கேன்டீனுக்குச் சமைக்கப் போகிறாள்.