லண்டன் என்று போட்டுவிட்டோம்

நீ போய் நேற்று முப்பத்தோராம் நாள். உன் நினைவாக அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய கல்வெட்டுப் புத்தகங்களை என் காரில் ஏற்றிவிட்டார்கள். இன்று காலை கார்க் கதவைத் திறந்ததும் புது அச்சு மையின் நாற்றம். முதல் பக்கத்தில் நீ சிரிக்கிறாய். கீழே, ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டனை வசிப்பிடமாகவும், மெல்பேர்ண் ரோவில்லைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட’ என்று போகிறது. மேலே வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

லண்டனில் நீ ஒரு நாளும் குடியிருந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் இருந்தது ஓர்மர்டேல் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில், அதன் கவுன்சிலில் கிளார்க்காக. எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

அந்த மாவட்டம் பிறந்த கதையை என் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு எத்தனை தரம் சொல்லியிருப்பாய். இரண்டு சந்தைப் பட்டினங்கள், நடுவே செம்மறி மேயும் கிராமங்கள். எழுபதுகளில் அரசாங்கம் சின்னச் சின்னக் கவுன்சில்களை ஒன்றாக்கியபோது, ஒரு பட்டினத்தின் பெயரை மற்றது ஏற்கவில்லை. கடைசியில் இடையில் ஓடிய ஆற்றின் பெயரை வைத்தார்கள். கவுன்சில் கந்தோர்க் கட்டிடத்தையும் இரண்டுக்கும் நடுவே ஒரு புல்வெளியில் கட்டினார்கள். “ரண்டு ஊருக்கும் பஸ் இல்லாத இடம், அதுதான் சமத்துவம்” என்பாய். நீ எந்த ஊருக்கும் சேராதவன் என்பதால் இரு ஊராரும் உன் கவுண்டருக்கு வந்து மற்றவர்களைக் குறை சொன்னார்கள். குப்பை எடுக்கும் நாளுக்குக்கூடச் சண்டை.

உன் மனைவி அங்கேதான் ஒரு மாரிக் குளிரில் இறந்தா. லண்டனிலிருந்து ஒரு சொந்தமும் வரவில்லை. அவவின் கூடப்பிறந்த அண்ணன், பனியில் றோட்டு சரியில்லை என்று போனில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். பெட்டியைத் தூக்கியவர்கள் உன் கந்தோர்க்காரர், ஊருக்கு மூன்று பேராக ஆறு பேர். ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்காத ஆட்கள் என்று சொன்னாய். அதைச் சொன்ன அன்றுதான் என்னிடம் கேட்டாய்.

“என்ரை மரண நோட்டீசில லண்டன் எண்டு மட்டும் போட விடாதை.”

ஓம் என்றேன்.

நீ போனதும் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன், ஓர்மர்டேல் என்றே எழுதினேன். அதே அண்ணன், உன் மைத்துனர், இப்போது இங்கே மெல்பேர்ண் கிரெய்கிபர்னில் இருக்கிறார், செத்தவீட்டுப் பொறுப்பெல்லாம் தன் தலையில் என்று வந்து நின்றார். பேனையை வாங்கி அந்தப் பெயரை வெட்டினார்.

“உந்தப் பேர் ஆருக்கு விளங்கும்? லண்டன் எண்டாத்தான் ஒரு மதிப்பு.”

தங்கையின் பெட்டியைத் தொடாத கை அது. உன் மகனைப் பார்த்தேன். அவன் எது போட்டாலும் பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான். நீ அப்படிக் கேட்டதன் காரணம் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். செத்தவீட்டில் சண்டை வேண்டாம், அவர் சொந்தக்காரர், நான் வெறும் சிநேகிதன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வாயை மூடினேன். அறிவித்தலில் இருந்ததைத்தான் கல்வெட்டிலும் அடித்தார்கள். மைத்துனரை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, அது சுலபம்.

நேற்று நடந்ததைக் கேள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்திலிருந்த ஓர் அன்ரி, கல்வெட்டைப் புரட்டியபடி நீ லண்டனில் எவ்விடம் என்று கேட்டா. மைத்துனர் அந்தப் பக்கமே இல்லை. தடுக்க ஒருவரும் இல்லை. அவ உண்மையாகவே அறிய விரும்பித்தான் என் முகத்தைப் பார்த்தா.

“ஈஸ்ற்ஹாம்” என்றேன்.

அங்கே தனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவ சந்தோஷப்பட்டா. நான் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். பாயாசமும் குடித்தேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அப்படி எழுத எனக்கு என்ன யோக்கியதை? ஓர்மர்டேலோடு அந்த ஆறு பேரையும் உன் மனைவியின் பெட்டியின் கீழிருந்து விலக்கியவன் மைத்துனர் அல்ல, நான்.