வலது முன்சக்கரத்தின் உள்விளிம்பு

என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சேக்காளியாகிவிட்ட மாப்ளே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் காரை விற்கவில்லை. போடி டாக்ஸி ஸ்டாண்டில் நீ நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாளைக்கும் அங்கேதான் நிற்கும்.

எழுபதுகளில் நாம் வாங்கும்போதே இரண்டு கை மாறிய வண்டி அது. போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்வருவாய். மற்ற டயர்கள் நன்றாக இருக்க, முன்பக்கத்து வலது டயர் மட்டும் தேய்ந்துபோகும். "டயர் தின்னி" என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் முதலில் கேலிக்குத்தான் சொன்னார்கள். பிறகு ஒருநாள் அந்த டயரின் வெளிவிளிம்பு மொட்டையாக இருந்ததைப் பார்த்துவிட்டார்கள். வளைவில் வேகம் குறைக்காமல் ஒடிப்பவன் டயர்தான் இப்படித் தேயும் என்றார்கள். மலைக்குப் போகிற சனத்திடம் உன் வண்டியில் ஏறாதே என்றும் சொன்னார்கள்.

நீ என்னிடம் வந்தாய். "மச்சான், சத்தியமா நான் வெரசா திருப்புறதில்ல. எறக்கத்துல வண்டி எடது பக்கமா இழுக்குது. ஸ்டீரிங்கு கையில நிக்காம உதறுது. நீயாச்சும் நம்புடா."

"டயரே சொல்லுதே, நான் என்னத்த நம்ப?" என்றேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

சவாரி நின்றது. அடுத்து மஞ்சள் காமாலையில் படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டாண்டில் உன் வண்டிக்கு இனி இடம் இல்லை என்றார்கள். காமாட்சி அசையவில்லை. "அண்ணே, அவரு வண்டிய விக்க மாட்டேன். நீ ஓட்டு" என்றாள். புது டயர் போட்டு, மாட்டுவண்டி மாதிரி ஓட்டினேன். தேவாரம் போனாலும் குரங்கணி போனாலும் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவான். அப்படி ஓட்டியும் வண்டி இடது பக்கம் இழுத்தது. மூன்று மாதம் கழித்துத் தரையில் படுத்து வலது டயரின் உள்பக்கத்தைத் தடவினேன். ரப்பர் தேய்ந்து வெளியே வந்த நூல் கையில் குத்தியது.

உள்பக்கம், மாப்ளே. ஆரம்பத்திலிருந்தே அது உள்பக்கம்தான் தேய்ந்தது.

அது எனக்குத் தெரியும். நீ ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊரில் இல்லாதபோது, என் பொறுப்பில் இருந்த வண்டி பஞ்சரானது. உள்விளிம்பு போன டயரை ரிம்மில் திருப்பி மாட்டச் சொன்னேன். இன்னும் நாலு மாதம் ஓடட்டுமே என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். மொட்டைப் பக்கம் வெளியே வந்தது. உன்னிடம் சொல்ல மறந்தேன். அவர்கள் அதைக் காட்டி உன்னைப் பேசியபோது ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. மலை ஏறுகிற வண்டிக்குச் செத்த டயரை மாட்டியவன் என்று என்னைச் சொல்வார்களே என்ற பயம். எந்தப் பக்கம் தேய்ந்தால் என்ன, நீ வேகமாகத்தான் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஸ்டாண்டுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைத் தூக்கினேன். அங்கே இருந்த மூத்த டிரைவரைக் கூப்பிட்டு, "அண்ணே, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க" என்றேன். கடகடவென்று ஆடியது.

"கிங்பின்னு போயிருச்சேப்பா" என்றார். சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற முளை அது. தேய்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், உள்விளிம்பு ரோட்டில் அரைபடும். "அப்ப வெளிப்பக்கம் எப்பிடித் தேஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"டயரத் திருப்பிப் போட்டது நான்."

"தங்கச்சி புருசனைப் பேசவிட்டு வேடிக்க பாத்தியாடா?"

"ஆமா. என்னை என்ன வேணாலும் பேசுங்க. இனி ஒருத்தன் அவனை டயர் தின்னின்னா, நடக்குறதே வேற. வண்டியும் இங்கதான் நிக்கும். முடிஞ்சாத் தள்ளிப் பாருங்க."

யாரும் தள்ளவில்லை. புது கிங்பின் போட்டாயிற்று. மெட்டிலிருந்து இறங்கும்போது ஸ்டீரிங்கை லேசாகப் பிடித்தாலே நேராக வருகிறது. நீ சொன்னது அத்தனையும் உண்மை.

காமாட்சியிடமும் சொல்லிவிட்டேன். சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீ இருந்திருந்தால் பேசியிருப்பாயா?

மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனால் ஒன்று மட்டும் செய்வேன். யார் ஏறினாலும், முதல் வளைவு வருவதற்குள் அவரிடம் சொல்லிவிடுவேன்: இந்த வண்டியை ஓட்டியவன் நிதானமாகத்தான் ஓட்டினான், வாயை மூடிக்கொண்டு அவனைக் கெடுத்தவன் இப்போது ஓட்டுகிறான். அதைக் கேட்டு இறங்கிப் போகிறவர்கள் போகட்டும்.

உன் பெண்டாட்டிக்கு இன்னும் அண்ணன்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்