மதகை மெல்ல மூடினேன்

1959 பெப்ரவரி 9
டெலிபோனில் உத்தரவு வந்ததும் மதகை மூடினேன். ராத்திரி பட்டணத்துக்கு விளக்கெரிய பவர்ஹவுஸ் மிஷின் ஓடும், ஆறு கரை தொட்டுப் போகும். காலையில் மிஷின் நின்றதும் நான் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரை அடைக்க வேண்டும். அப்புறம் வெறும் பாறைதான். இன்று எட்டிப் பார்த்தேன். குழிகளில் கெண்டை துடிக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் கூடையோடு இறங்கிவிட்டது.

பெப்ரவரி 11
என் பெண்சாதி வீரம்மா மீன் ஆய்ந்தாள். வயிறு முழுக்கச் சினை. "இப்பிடியே போனா ஆத்துல என்னங்க மிஞ்சும்?" என்றாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

பெப்ரவரி 12
தூக்கமில்லை.

பெப்ரவரி 16
சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி நிறுத்தினேன். ஒரு பீடி. மறுபடி கொஞ்சம். தண்ணீர் இறங்க இறங்க மீனும் கூடவே ஆழத்துக்குப் போகிறது! ஒன்றிரண்டுதான் சிக்கின. கூட வேலை செய்யும் நல்லமுத்து பார்த்துவிட்டான். "அண்ணே, மீனா நமக்குச் சோறு போடுது? இஞ்சினியர் மாத்தயாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

பெப்ரவரி 24
தெரிந்துவிட்டது. இஞ்சினியர் மாத்தயா கூப்பிட்டார். "சிவசாமி, அந்தத் தண்ணி ராவைக்கு வேணும். ஏன் வீணா விட்டே?"
மீன் சாகுதுங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் மேல ஆள் இருக்கு. இனிமே சட்டுனு மூடுறேன்னு சொல்லு, போதும்."
வாய் வரவில்லை. ஏன் வரல? ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு — ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

மார்ச் 2
வேலை போயிற்று. தோட்டத்து ரோட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தேன். மதகுக்கு இனி நல்லமுத்துதான். வீரம்மா திட்டவில்லை. திட்டினால் தேவலை.

மார்ச் 6
ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. போய் என்ன செய்ய?

மார்ச் 19
மதகுக்குக் கீழே, பாலத்தடியில் கல் உடைக்கச் சொன்னார்கள். தண்ணீர் அடைக்கும் நேரம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாதி இறங்கிய தண்ணீர் அங்கேயே நின்றது. கரையோரக் குஞ்சுகள் நடு ஆற்றுக்கு நகர்ந்தன. அப்புறம்தான் மறுபடி இறங்கிற்று.
மேலே நல்லமுத்து. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை மட்டும் சக்கரத்தின் மேல் சும்மா கிடந்தது.