கண்ணாடியில் வைத்த பொட்டு

மார்ச் 3, செவ்வாய்

மழை. முழங்கால் குத்து. லண்டன் குட்மேய்ஸ் கடையில் மகள் வாசுகி படங்களுக்குப் பிரேம் அடிக்கிறாள்; எனக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை.

வெள்ளைக்காரி ஒருத்தி பழைய அச்சுப் படம் இரண்டு கொண்டுவந்தாள். இரண்டிலும் ஒரே மந்திரி. ஒன்றில் பொய்முடி, பிரபு முகம். மற்றதில் பன்றி மூஞ்சி, தலை தீனித் தொட்டிக்குள்.

"இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி லண்டன் கடைக் கண்ணாடியில இதுகளைத் தொங்கவிடுவினமாம். வாங்க ஏலாத சனம் தெருவில நிண்டு சிரிக்குமாம்," என்றாள் வாசுகி.

"கீறினவனை என்ன செய்தவை?"

"இந்த மந்திரியே ஆள் விட்டு ஒண்டு வாங்கினவராம், அம்மா."

என் தம்பி குகனும் பன்றி மூஞ்சிதான் கீறினான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவர், கரித்துண்டு, எங்களை ஆட்டிவைத்த இயக்கப் பொறுப்பாளரின் முகம். வயது பத்தொன்பது. அன்று பின்னேரமே கூட்டிப்போனார்கள். இன்னும் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

சூடில்லாத வெயில்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து நடராசா வந்தான். குகனோடு படித்தவன். என் கையால் புட்டுத் தின்றவன். சுவரைக் காட்டி, "இது குகன்ர கை" என்று இயக்கக்காரரிடம் சொன்னவன். நாற்பது வருடம், ஒரு சொல் மறக்கவில்லை. இப்போது ஊர்ச் சங்கத் தலைவர். அறுபதாம் கலியாண மண்டபத்தில் மாட்டத் தன் பெரிய படம், கோட்டும் சால்வையுமாக.

"பொன் பிரேம் போடும், பிள்ளை." வாசுகியிடம். என்னைத் தெரியாத மாதிரி.

மார்ச் 9, திங்கள்

பிரேம் முடிந்தது. வாசுகி வெளியே போன நேரம், படத்தைத் தெருக் கண்ணாடிக்குள் நிறுத்தினேன். நெற்றிக்கு நேரே பிரேம் கண்ணாடியில் சந்தனம், நடுவில் குங்குமம். பிளாஸ்டிக் மல்லிகை மாலை ஒன்று.

சனம் நின்றது. மீன்கடை அண்ணை உள்ளே வந்தார். "ஐயோ, எப்ப மோசம் போனவர்? கலியாணச் சாப்பாடும் போச்சே!"

"படத்தைப் பாருங்கோ அண்ணை," என்றேன்.

பின்னேரம் வாசுகி கத்தினாள். "விசரோ அம்மா? செத்தவீடு எப்ப எண்டு கேட்டு அந்தாள் வீட்டுக்குச் சனம் போன் எடுக்குது!"

மார்ச் 10, செவ்வாய்

காற்று. கடை திறக்க முன்னமே வாசலில் அவன்.

"துடையுங்கோ, அக்கா. மனிசி அழுகிறா."

அக்காவாம். அப்போ தெரியும்.

"குகன்ர படத்துக்கு நான் இன்னும் பொட்டு வைக்கேல்லையடா. செத்திட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நீ சொல்லு, துடைக்கிறன்."

தன் படத்தையே பார்த்தபடி நின்றான்.

"வையுங்கோ, அக்கா."

"எப்ப?"

"கூட்டிப்போன அண்டைக்கே."

துடைத்துக் கொடுத்தேன். மாலையைக் கொடுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

திரும்பவும் மழை. குகன் படத்தை இறக்கினேன். தூசி இல்லை, நாளும் துடைக்கிற படம். காலையில் சந்தனம் குழைத்தேன். மத்தியானம் பார்த்தால் கிண்ணத்திலேயே காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. திரும்பக் குழைக்க வேண்டும்.