கப்புக்கு ஒரு சட்டை

அன்புள்ள உங்களுக்கு,

கடம்பத்தூரில் உங்கள் அண்ணன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அத்தை ஒரே துணிச் சுருளில் எல்லோருக்கும் துணி எடுத்தார். வெட்டியதில் மிஞ்சிய சிவப்புத் துண்டுகளில்தான் அந்தக் காபி கப் உறையைத் தைத்தேன். கேரல் பாட வருகிறவர்களோடு நீங்களும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று, வலது கையால் பிடிக்க ஒரு வளையமும் வைத்தேன்.

"கப்புக்கு இன்னாத்துக்குடி சட்ட? உட்டா அடுப்புக்கும் பாவாட தைப்ப போலகீதே!" என்று சிரித்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நீங்கள் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே கையை நுழைத்தீர்கள். கப் நழுவிக் கீழே விழுந்தது.

உங்கள் பழைய கம்பெனிக் கையுறையை வைத்து அந்த வளையத்துக்கு அளவெடுத்திருந்தேன். நான்கு விரல்களின் அகலம். கும்மிடிப்பூண்டி பிரஸ் மிஷின் அந்தக் கையில் விட்டுவைத்தது கட்டைவிரலை மட்டும்தான்.

"நீ என் கைய இன்னும் பாக்கவே இல்ல இல்ல?" என்றீர்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் நான் வெந்நீர் வைக்கப் போய்விடுவேன். அண்ணன் வீட்டுக்குக் கிளம்ப நீங்கள் பையை எடுத்தபோதும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று கேரல் வந்தது. "மாப்ள காபிக்கு பயந்து ஓடிக்கினாரா?" என்று பாட வந்த லோகு அண்ணன் கேட்டார். அத்தை உள்ளே போய்விட்டார்.

திரும்பி வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தால் அந்தக் கையைப் பார்ப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மனைவி