கோளாம்பியில் வந்த பாட்டு

குழித்துறை
9 ஜூன் 2025

ஏட்டி பெபி,

சுகமா இருக்கியா? உன் போதகர் ஐயர், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? திற்பரப்பு அருவியில் வெள்ளம் கூடி யாரையும் குளிக்க விடவில்லையென்று கேள்விப்பட்டேன். இங்கேயும் ஆறு கலங்கித்தான் ஓடுகிறது. ஸ்டுடியோவில் நனையாத இடம் தேடி நெகட்டிவ் பெட்டிகளை மாற்றி மாற்றி வைப்பதே வேலையாகிப் போச்சு.

போனில் அனுப்பாமல் இவள் ஏன் கவரில் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் வந்தால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓய்வுநாள் பள்ளிக்குப் போய்விடுவாய். இது கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய சங்கதி. உள்ளே ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேலே படி.

பார்த்தாச்சா? நீதான் மக்கா. தையல் கத்திரியால் நீயே வெட்டிக்கொண்ட முடி. கை கிழித்து ஊக்குப் போட்ட உன் அண்ணன் சட்டை. வாய் திறந்திருக்கிற திறப்பில் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறது. பின்னால் அனில்குமார் சிங்காரி மேளத்துச் செண்டையைக் கிடத்திப் போட்டு அடிக்கிறான். ஜெரிஷ் பாடகர் குழுவின் கிட்டாரைச் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறான். சுவரில் படுக்கை விரிப்பில் தார் கொண்டு எழுதிய நம் பேண்டின் பெயர்: கருமணல்.

உன் கல்யாணத்துக்கு முன்னால், நமது சபை அசனத்தன்றைக்கு எடுத்தது. ஊர் முழுக்கப் பந்தியில் இருந்து சோறு தின்றுவிட்டுப் போன பிறகு, வாலிபர் ஐக்கியத்துக்கு ஹாலைத் தந்தார்களே. உள்ளே கேட்க வந்தவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள். ஆனால் மைக்செட் ஞானசிங் அண்ணன், அசனத்துக்காகத் தென்னையில் கட்டின கோளாம்பி ஸ்பீக்கர்களின் வயரைக் கழற்ற மறந்துபோனார். ஹாலுக்குள் நீ கத்தினது ஒவ்வொரு கோளாம்பியாகத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை போயிற்று. எந்தப் பாட்டு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

'எத்தற பவுனு? எத்தற பவுனு?
தராசில ஏத்தித் தூக்கிப் பாரு என்னெ!
எலும்புக்குத் தனி வெலையா? சொல்லு!'

திருவனந்தபுரத்தில் ஆதிரா என்று ஒரு பெண் கண்காட்சி நடத்துகிறாள். என் படங்களைப் பார்த்துவிட்டு, "பங்க் இசையா? உங்க ஊரிலயா?" என்று கேட்டாள். "எங்க ஊரிலதான்" என்றேன். சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்ததென்று நீ பார்த்திருக்க வேண்டும்! நமது கருமணல், மணவாளக்குறிச்சி பிரதீஷின் பேண்ட் 'கிழிஞ்ச வலை', எல்லாம் சேர்த்துக் கண்காட்சியும் புத்தகமும் வருகிறது. அட்டையில் இந்தப் படம். நீ சரியென்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் கூட்டுக்காரி,
ஷைஜா


திற்பரப்பு
20 ஜூன் 2025

கர்த்தருக்குள் அன்பான ஷைஜாவுக்கு,

பெபிஷா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் கவரை நல்லவேளையாக நானே வாங்கினேன். படம் நன்றாயிருக்கிறது. உன் கைவேலை அன்றைக்கே கொள்ளாம், குறை சொல்ல முடியாது. புத்தகம் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான், கேட்டியா?

ஆனால் நான் இப்போது ஒரு போதகரின் மனைவி. இங்கே யாரும் என்னைப் பெபிஷா என்று கூப்பிடுவதில்லை, சின்னப் பிள்ளை முதல் கிழவி வரைக்கும் "ஐயரம்மா" தான். நான் எந்தக் கலர் சேலை உடுத்தேன், பந்தியில் யார் பக்கத்தில் இருந்தேன் என்பதெல்லாம் இங்கே செய்தி. போன ஞாயிறு கொஞ்சம் உரக்கச் சிரித்ததற்கே ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் சாது. சபைக் கமிட்டி சாது இல்லை.

அதனால் அட்டையில் வேண்டாம். உள்ளேயும் என் முகம் வேண்டாம். அனில்குமாருடைய செண்டையைப் போடு. அதுதான் பார்க்க அழகு. வருத்தப்படாதே.

கர்த்தருக்குள்,
திருமதி பெபிஷா செல்வதாஸ்


குழித்துறை
26 ஜூன் 2025

திருமதி பெபிஷா செல்வதாஸ் அவர்களுக்கு,

அப்படித்தானே எழுத வேண்டும்? சவம், கையே வரவில்லை.

ஏட்டி, செண்டையைப் போடு என்கிறாயே, செண்டையா பாடிற்று? மறுநாள் நானும் நீயும் சந்தைக்குப் போனபோது மீன்காரி முதல் நேந்திரங்குலை வியாபாரி வரை "எத்தற பவுனு" என்று சொல்லிச் சிரித்தது செண்டையைப் பார்த்தா? மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில் படித்த மாப்பிள்ளைக்கு இவ்வளவு, கப்பல்காரனுக்கு இவ்வளவு என்று பெண்ணை வைத்துக்கொண்டே பேசுகிற ஊரில், அந்த விலையை முதன்முதலில் கோளாம்பியில் சொல்லிக் காறித் துப்பினவள் நீ. சபை மூப்பர் வந்து மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மைக் இல்லாமல் கடைசி அடி வரைக்கும் பாடினாயே! நான் பிளாஷ் அடித்துக்கொண்டே அழுதேன். பயத்தில் இல்லை, பெருமையில். அந்தப் பெருமை இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. உன்னிடம் எங்கே போயிற்று?

நீ இல்லாத கருமணல் என்று ஒரு புத்தகத்தை நான் எப்படி அச்சுக்குக் கொடுப்பேன்? உப்பில்லாத கஞ்சியா?

ஷைஜா


திற்பரப்பு
4 ஜூலை 2025

ஷைஜா,

நீ கோபப்பட்டது சரிதான். அதனால் உண்மையைச் சொல்கிறேன். கமிட்டி ஒரு சாக்கு.

அந்தப் பாட்டைப் பாடினவள் எப்படிக் கல்யாணம் பண்ணினாள் என்று உனக்குத் தெரியும். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை, அவருடைய மாமாமார் கேட்டார்கள், எங்க அப்பா போட்டார். கழுத்து தெரியாமல் நகை போட்டுக்கொண்டு நான் ஆலயத்துக்குள் நடந்து வந்ததைப் படம் பிடித்தவளும் நீதானே. இப்போது எங்கள் சபையில் ஒவ்வொரு நிச்சயத்துக்கும் ஐயரோடு நானும் போகிறேன். பவுன் பேச்சு வரும்போது என் கையில் பலகாரத் தட்டு இருக்கும். நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பேன்.

உன் படத்தில் இருக்கிற பெண் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குக் கத்தினதால் என்ன ஆச்சு, சொல்லு? அந்த ஹாலில் இருந்த ஒரு வேன் ஆட்களைத் தவிர யாருக்கு அது ஓர்மை இருக்கு? சந்தையில் சிரித்தவர்களும் அவரவர் மகளுக்கு எண்ணித்தான் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை ஷைஜா. ஒன்றுமே ஆகாத ஒரு காரியத்துக்கு என் முகத்தை அட்டையில் போடாதே. வெட்டிவிடு.

பெபிஷா


குழித்துறை
9 ஜூலை 2025

பெபி,

படத்தை வெட்ட மாட்டேன். என் கத்திரிக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. புத்தகத்திலிருந்து முழுசாகவே எடுத்து விடுகிறேன். அட்டையில் பிரதீஷின் பேண்டைப் போட ஆதிராவிடம் சொல்லிவிட்டேன். மாத முடிவில் அச்சுக்குப் போகிறது.

உன் கல்யாணத்தன்று ஆலயத்தில் அங்கி மாற்றும் அறைக்குப் பின்னால் நீ அழுததையும் எடுத்தேன். அதை நான் யாருக்கும் காட்டினதில்லை, காட்டவும் மாட்டேன். நகை போட்டவள் பாடினவளைக் கொன்றுவிட்டாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். இரண்டு பேரையும் படமெடுத்தவள் நான், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உனக்கு அனுப்பின பிரிண்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உன்னிடமே இருக்கட்டும்.

ஷைஜா


திற்பரப்பு
24 ஜூலை 2025

ஏட்டி ஷைஜா,

அச்சுக்குப் போய்விட்டதா? போயிருந்தால் ஓடிப் போய் நிறுத்து. நிறுத்திவிட்டு வந்து இதைப் படி.

உன் பிரிண்டை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நேற்று எங்கள் வீட்டில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஷெர்லி என்று ஒருத்தி, அருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறாள், பாட்டு எண் தேடிப் புத்தகத்தைப் புரட்டினாள். படம் அவள் மடியில் விழுந்தது.

"ஐயரம்மா, இது ஆரு?" என்றாள். என் கூட்டுக்காரி எடுத்த பழைய படம் என்று மழுப்பினேன். அவள் விடவில்லை. பின்னால் இருக்கிற தார் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு முகம் மாறிவிட்டது.

"கருமணலா? அன்னு கோளாம்பியில மூப்பர் 'கருமணல் பிள்ளைகளே நிறுத்துங்கோ'ண்ணு சத்தம் போட்டாரே, அந்தக் கருமணலா? நான் அன்னு அண்டி ஆபீஸில முந்திரிக்கொட்டை தல்லீட்டு பாலத்துக்குப் பக்கத்தில பஸ்ஸுக்கு நின்னேன். வாற ஞாயிறு எனக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாறதாயிட்டு இருந்துது. எனக்க அப்பன் இருந்த நாலு சென்ட் நெலத்தயும் விக்கப் பேசியாச்சு. அப்பதான் அந்தப் பாட்டு வந்துது. நான் ரெண்டு பஸ்ஸை விட்டுப்போட்டு நின்னு கேட்டேன்."

அவள் பேசிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து தொகை பேசத் தொடங்கினதும், அடுக்களையிலிருந்து வெளியே வந்து, அப்பா முன்னால் நின்று, "எத்தற பவுனு? எலும்புக்குத் தனி வெலையா?" என்று கேட்டாளாம். வந்தவர்கள் சாயா குடிக்காமலே எழுந்து போய்விட்டார்கள். அப்பா கை ஓங்கினாராம். பிறகு ஓங்கின கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். நிலம் தப்பியது. ஒன்றும் கேட்காத ஒருத்தனைப் பிற்பாடு கட்டினாள். இரண்டு பேருமாகத்தான் இப்போது அந்தக் கடையில் நேந்திரங்காய் வறுக்கிறார்கள்.

"பாடினது ஆருண்ணு இந்நாள் வரைக்கும் எனக்குத் தெரியாது. கண்டா ஒரு முத்தம் குடுக்கணும்ணு நெனச்சிருந்தேன்" என்றாள்.

"நான்தான் பாடினேன்" என்றேன்.

"போங்கோ ஐயரம்மா! அது ஆம்பிளைக்க தொண்டையில்லா!"

அவ்வளவுதான் மக்கா, எனக்கு வந்ததே ஒரு கோபம்! எழுந்து நின்றேன். பாமாலையைக் கீழே வைத்தேன். பாடினேன். மைக் இல்லை, செண்டை இல்லை, கடைவாய்ப் பல் வரை தெரியப் பாடினேன். இரண்டாவது அடியில் ஷெர்லி சேர்ந்துகொண்டாள், அவளுக்கு ஒரு சொல் விடாமல் தெரிகிறது! என்னைத் திரும்பிப் பார்த்தாளே அந்த அம்மாள், அவள் வேதப்புத்தக அட்டையில் தாளம் போட்டாள். எங்க ஐயர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவும் கையுமாக வாசலில் வந்து நின்றார். முடிந்ததும், "இதுக்குப் பாமாலையில நம்பர் உண்டா?" என்று கேட்டார். ஷெர்லி எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இரவு ஐயர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அடுத்த நிச்சயத்துக்கு இவளையும் கூட்டிட்டுப் போவோம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

நாம் ஹாலில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம் ஷைஜா. பாலத்தில் நின்றவளை எண்ணவில்லை. இன்னும் எந்தெந்த முற்றத்தில் யார் யார் நின்றார்களோ!

என் முகத்தை அட்டையில் போடு. பெரிதாகப் போடு. கீழே பெயரும் போடு. ஆனால் ஒரு நிபந்தனை: ஷெர்லியை அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடு. கருமணல் பக்கங்களிலேயே அவளும் இருக்க வேண்டும். அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், சேலை கூட எடுத்து வைத்துவிட்டாள்.

இன்னொன்று. இங்கே எங்கள் சபை அசனம் வருகிறது. ஞானசிங் அண்ணனைக் கண்டால் சொல்லு, கோளாம்பி வயரை இந்தத் தடவையும் கழற்ற வேண்டாம்.

பெபிஷா
கருமணல், பாட்டு