மண்ணரையில் எனக்கு முன்னால் ஏழு பேர்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

மண்ணரை ஊரில் நீங்கள் எனக்கென்று விட்டுப்போன பத்து லைன் வீடுகளை, பத்திரம் என் பேருக்கு மாறி ஒரு வருஷம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். பின்னால் கிடக்கிற காலி இடத்தில் கடைகள் கட்டலாமென்று உங்கள் மாப்பிள்ளைக்கு ஆசை. அதை அளக்கக் காலை ஏழு மணிக்கே போனேன். முந்தின நாள் ஊத்துக்குளிக் கல்யாணத்தில் நெய் சொட்டும் மைசூர்பாகு ஆறு தின்றிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் மூன்றாவதிலேயே தட்டைப் பிடுங்கியிருப்பீர்கள்.

வண்டியை விட்டு இறங்கியதுமே வயிறு கலக்கிவிட்டது. பத்து வீட்டுக்கும் சேர்த்து நீங்கள் கட்டியது ஒரே கக்கூஸ். அதன் முன்னால் வாளியோடு ஏழு பேர்.

"ஏனுங்க, நான் இந்த ஊட்டு ஓனருங்க. கொஞ்சம் வழி உடுங்க," என்றேன்.

எஸ்தர் என்று ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கட்டும்க்கா. அவசரத்துல ஓனரு, குடியிருக்கவன்னு உண்டா? பின்னால நில்லுங்க."

நின்றேன், அப்பா. என் சொந்தக் கக்கூஸின் முன்னால், நம் குலதெய்வத்தை வாய்விட்டுக் கூப்பிட்டபடி நின்றேன். வரிசையில் முதலாவதாக நின்ற செல்வி திரும்பினாள். அவளுக்கு நிறைமாதம். "நீங்க போயிட்டு வாங்கக்கா, மூஞ்சியே சரியில்ல," என்று தன் வாளியையும் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"இன்னைக்குக் கூட்டம் கம்மிக்கா."

இந்த வாடகையில்தானே என்னைக் காலேஜுக்கு அனுப்பினீர்கள்? இந்த வரிசை உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் பேசாமல் இருந்தீர்களா? நான் மட்டும் என்ன, ஒரு வருஷம் வாடகையை வாங்கிக்கொண்டு எட்டிக்கூடப் பார்க்காதவள்.

காலி இடத்தில் வீட்டுக்கொரு கக்கூஸ் என்றேன். உங்கள் மாப்பிள்ளை குதித்தார். "மாமனார் சொத்துல காம்ப்ளெக்ஸ் கட்டுவாங்க. கக்கூஸா கட்டுவாங்க?" மறுநாள் காலை எழுப்பி, காபி கொடுத்து, நேராக அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலாவது ஆளாக நகர்வதற்குள் அவரே எஞ்சினியருக்குப் போன் போட்டுவிட்டார்.

போன வாரம் திறப்பு விழா. ரிப்பன் வெட்டியது, இதற்குள் பிறந்த பெண்குழந்தையைத் தோளில் போட்டிருந்த செல்வி. ஒரு சங்கதியைப் பயந்துகொண்டே சொல்கிறேன். எஸ்தர் எல்லாரிடமும் வசூல் பண்ணி, சுவரில் கிரானைட் பலகை பதித்துவிட்டாள்: 'அமரர் நாச்சிமுத்து நினைவுக் கழிப்பறைகள்'. மேலே மாலை போட்ட உங்கள் போட்டோ. எடுக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாமி மாதிரி இருக்காவல்லாக்கா?" என்றாள் எஸ்தர், கண் கலங்கி. சாய்ந்திருந்த மாலையை நேராக்கிவிட்டு வந்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விட்டுப்போன வேலம்பாளையம் வீடுகளையும் இந்த மாதமே போய்ப் பார்ப்பேன், இது சத்தியம். அங்கேயும் உங்கள் பேரை எதில் எழுதுவார்களோ, பெரிய மனசு பண்ணித் தாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
சாந்தாமணி